ஹிஜ்ரி நாட்காட்டியும் சென்னையின் ஆண்டும்: சோழவரத்திலிருந்து நகரம் பார்க்கத் திட்டமிடுவது எப்படி?

ஒரு காலத்தில் சென்னைதான் சோழவரத்தைத் தேடி வந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் 1950-களிலிருந்து 1980-களின் கடைசி வரை கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் நடந்தன. அதைப் பார்க்க நகரத்துக் கூட்டம் நம் ஊருக்கு வரும். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தளம் வந்ததும் அந்தக் கூட்டம் அங்கே போய்விட்டது. 2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றியுள்ள சாலைகளிலேயே இரவுப் பந்தயம் நடத்தினார்கள். இன்று எதைப் பார்க்க வேண்டுமானாலும் நாம்தான் 25 கிலோமீட்டர் போக வேண்டும்.

போகாமலும் இல்லை. ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போகிறோம். பெருநாளுக்கு முந்தைய வாரம் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலும் தி.நகரிலும் துணி எடுக்கப் போகிறோம். அதனால் சோழவரம், காரனோடை, செங்குன்றம், கும்மிடிப்பூண்டிப் பக்கம் வளரும் நம் பிள்ளைகளுக்குச் சென்னை என்றால் வரிசை, நெரிசல், அவசரம். அந்த நகரம் ஆண்டு முழுவதும் புத்தகம், கலை, வரலாறு என்று ஏதாவது ஒன்றைக் கொண்டாடிக்கொண்டே இருக்கிறது என்பதும், அந்த வரலாற்றில் முஸ்லிம்களின் கையெழுத்து பல இடங்களில் இருக்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரிவதில்லை. “அதெல்லாம் மற்றவர்களுடைய விழா” என்ற எண்ணம் இப்படித்தான் ஊன்றிப்போகிறது. இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. நாம் கூட்டிப்போகாததிலிருந்து பிள்ளைகள் தாமாகவே கற்றுக்கொள்கிறார்கள்.

கூட்டிப்போகாததற்குக் காரணம் மனமில்லாமை என்று சொல்ல முடியாது. ஷிப்டு வேலை, ஞாயிறு மட்டும் விடுமுறை, பள்ளித் தேர்வு, நோன்பு, மழை. இவற்றுக்கு நடுவே எந்த நாள் என்று முன்கூட்டியே முடிவு செய்யாததால் விழா முடிந்த பிறகுதான் செய்தித்தாளில் படம் பார்க்கிறோம்.

இரண்டு நாட்காட்டிகள்

சென்னையின் விழாக்கள் எல்லாம் சூரிய ஆண்டைப் பின்பற்றுபவை. மார்கழியில் இசை, ஜனவரியில் புத்தகக் காட்சி, தையில் நாட்டுப்புறக் கலை, ஆகஸ்டில் சென்னை தினம் என்று அவை தம் இடத்தை விட்டு நகர்வதில்லை. நம் ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாட்கள்தான். எனவே ரமலானும் இரு பெருநாட்களும் ஆண்டுக்குப் பத்து, பதினொரு நாட்கள் முன்னால் வந்துகொண்டே இருக்கும். முழுச் சுற்றும் சுற்றி வர ஏறத்தாழ 33 ஆண்டுகள். போன ஆண்டு நமக்கு வசதியாக இருந்த விழா இன்னும் சில ஆண்டுகளில் நோன்பு நாளில் வந்து விழும். இன்று நோன்போடு மோதும் விழா பிறகு விலகிவிடும். ஆகவே ஒரே திட்டத்தை எழுதி வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் அதையே பின்பற்ற நம்மால் முடியாது.

வரும் ஆண்டுகளின் கணக்கைப் பாருங்கள். பிறையைப் பொறுத்து ஓரிரு நாள் முன்பின் ஆகலாம் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. 2027-ல் ரமலான் பிப்ரவரி 9-ஐ ஒட்டித் தொடங்கும். 2028-ல் ஜனவரி கடைசி. 2029-ல் பொங்கல் முடிந்த கையோடு, அதாவது ஜனவரி 16, 17 வாக்கில். 2030-ல் ஜனவரி முதல் வாரத்திலேயே தொடங்கிவிடும். அதே ஆண்டின் டிசம்பர் கடைசியில் இன்னொரு ரமலானும் தொடங்கும். இது புதிதல்ல. 2000-ஆம் ஆண்டில் ஜனவரியில் ஒரு நோன்புப் பெருநாளும் டிசம்பரில் மற்றொரு நோன்புப் பெருநாளும் கொண்டாடியது நாற்பதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும்.

இதன் பொருள் என்னவென்றால், சென்னையின் விழாக்கள் குவிந்து கிடக்கும் ஜனவரி மாதம் நமக்கு 2027-லும் 2028-லும் தடையின்றிக் கிடைக்கிறது. 2029-ல் பாதி கிடைக்கிறது. அதன்பின் சில ஆண்டுகளுக்கு அது நோன்பு மாதம். இப்போது ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை பள்ளியை முடிப்பதற்குள் கிடைக்கக்கூடிய முழு ஜனவரிகள் இரண்டே இரண்டு. ஒன்றையாவது விட்டுவிடாதீர்கள்.

ஜனவரி: முதலில் புத்தகக் காட்சி

ஆண்டுக்கு ஒரே ஒரு முறைதான் நகரத்துக்குக் குடும்பத்தோடு போக முடியும் என்றால், அது சென்னைப் புத்தகக் காட்சியாக இருக்கட்டும் என்பது என் கருத்து. தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர் மற்றும் பதிப்பாளர் சங்கம், சுருக்கமாக பபாசி, இதை நடத்துகிறது. முதல் புத்தகக் காட்சி 1977-ல் நடந்த இடம் எது தெரியுமா? அண்ணா சாலையில் உள்ள மதரசா-இ-ஆஜம் பள்ளி வளாகம். இருபத்துச் சொச்சம் கடைகளோடு முஸ்லிம் பள்ளி ஒன்றின் மைதானத்தில் தொடங்கியதுதான் இன்று பல நூறு அரங்குகளோடு நடக்கிறது. பிறகு எதிரிலேயே உள்ள காயிதே மில்லத் அரசு மகளிர் கல்லூரி வளாகத்தில் நீண்ட காலம் நடந்து, அங்கிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலைக்குப் போய், அண்மைக் காலமாக நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடந்து வருகிறது.

தேதி ஆண்டுக்கு ஆண்டு சற்று மாறும். 2024-ல் ஜனவரி 3 முதல் 21 வரை நடந்தது. அடுத்ததை 2024 டிசம்பர் 27-லேயே தொடங்கி 2025 ஜனவரி 12-ல் முடித்துவிட்டார்கள். பொங்கல் விடுமுறையில் போய்க்கொள்ளலாம் என்று இருந்தவர்களுக்கு அந்த முறை மைதானம் காலியாகத்தான் கிடைத்திருக்கும். டிசம்பர் நடுவிலேயே அறிவிப்பைப் பார்த்துவிடுவது நல்லது. வேலை நாட்களில் பிற்பகலில்தான் திறப்பது வழக்கம். விடுமுறை நாட்களில் காலை 11 மணிக்குத் திறந்து இரவு எட்டரை வாக்கில் மூடுவார்கள். நம் பகுதியிலிருந்து போகிறவர்களுக்கு விடுமுறை நாள்தான் சரி. அதுவும் 11 மணிக்கே உள்ளே இருக்க வேண்டும். மாலை நான்கு மணிக்குப் பிறகு கூட்டத்தில் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பதே வேலையாகிவிடும்.

நுழைவுக் கட்டணம் பெயரளவுக்குத்தான் இருந்து வந்தது. புத்தக விலையில் பத்து சதவீதம் கழிவு கிடைக்கும். ஐ.எஃப்.டி., ரஹ்மத் பதிப்பகம், சாஜிதா புக் சென்டர், யுனிவர்சல் பப்ளிஷர்ஸ் போன்றோரின் இஸ்லாமிய நூல்களை மண்ணடிக்கும் பெரியமேட்டுக்கும் அலையாமல் இங்கே வழக்கமாகப் பார்க்கலாம். ஆனால் அந்த அரங்குகளுக்கு மட்டும் போய்விட்டுத் திரும்பி விடாதீர்கள். தோப்பில் முஹம்மது மீரானின் ‘சாய்வு நாற்காலி’ 1997-லும், கவிக்கோ அப்துல் ரகுமானின் ‘ஆலாபனை’ 1999-லும் சாகித்ய அகாதமி விருது பெற்றவை. மணவை முஸ்தபா தொகுத்த அறிவியல் கலைச்சொல் அகராதிகள் இல்லாமல் தமிழில் அறிவியல் எழுதுவதைப் பேச முடியாது. இவை பொது அரங்குகளில் கிடைப்பவை. “நம்ம ஆளா இவர்?” என்று பிள்ளை வியந்து கேட்பதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

ஒரு யோசனை. ஆளுக்கு இவ்வளவு என்று சிறு தொகையைப் பிள்ளைகளின் கையிலேயே கொடுத்துவிடுங்கள். என்ன வாங்குவது என்பது அவர்கள் முடிவு. நீங்கள் எதிர்பார்க்காத புத்தகத்தைத்தான் வாங்குவார்கள். வாங்கட்டும்.

பொங்கலை ஒட்டிய நாட்களில் ‘சென்னை சங்கமம்’ நடக்கிறது. 2007-ல் தொடங்கி 2011-க்குப் பின் நின்றுபோயிருந்த இந்த விழாவை 2023-லிருந்து தமிழக அரசின் கலை பண்பாட்டுத் துறை மறுபடி நடத்துகிறது. பூங்காக்களிலும் விளையாட்டுத் திடல்களிலும் மாலை ஆறு மணிக்கு மேல் பறை, சிலம்பம், தெருக்கூத்து, ஒயிலாட்டம். கட்டணம் இல்லை. நாட்டுப்புறக் கலைகளில் சில வழிபாட்டோடு பின்னிப் பிணைந்தவை. எதைப் பார்ப்பது, எதைக் கடந்து போவது என்பதை அவரவர் குடும்பம் முடிவு செய்துகொள்ளலாம். சிலம்பம் ஆடுகிற பையன் வீட்டில் இருந்தால் இரண்டாவது யோசனையே வேண்டாம். மக்ரிப் நேரம் ஜனவரியில் 6 மணியை ஒட்டி வருகிறது. தொழுதுவிட்டுத் திடலுக்குப் போனால் நிகழ்ச்சி அப்போதுதான் சூடு பிடித்திருக்கும். உணவுக் கடைகளில் அசைவம் வாங்குமுன் ஹலாலா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். கேட்டால் சொல்வார்கள்.

காணும் பொங்கலன்று மட்டும் மெரினா பக்கம் சிறு பிள்ளைகளோடு போகாமல் இருப்பது நல்லது. காவல்துறையே குழந்தைகளின் மணிக்கட்டில் தொலைபேசி எண் எழுதிய பட்டையைக் கட்டி அனுப்புகிற அளவுக்குக் கூட்டம் இருக்கும்.

அதே பருவத்தில் தீவுத்திடலில் சுற்றுலாப் பொருட்காட்சி இருக்கிறது. அரசுத் துறைகளின் அரங்குகள் ஒரு பக்கம், ராட்டினங்கள் மறுபக்கம். பிள்ளைகள் முதல் பக்கத்தை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ராட்டினத்துக்கு ஆகும் செலவில் புத்தகக் காட்சிக்கு இரண்டு தடவை போய்வரலாம். பொருட்காட்சி பல வாரங்கள் நடப்பதால் அவசரமும் இல்லை. ஜனவரி 26 காலை காமராசர் சாலைக் குடியரசு தின அணிவகுப்பு வேறு வகை. செலவே இல்லை. ஆனால் விடியற்காலையில் கிளம்ப வேண்டும். பஜ்ரு தொழுதுவிட்டு நேராகக் கிளம்புகிற குடும்பத்துக்கு அது சுலபம்.

ரமலானில் ஒரு மாலை

நோன்பு மாதத்தில் நகரப் பயணம் வேண்டாம் என்று பலர் நினைக்கிறோம். வணக்கத்துக்கான மாதம், சரிதான். ஆனால் அந்த மாதத்தில் மட்டுமே பார்க்கக்கூடிய ஒன்று திருவல்லிக்கேணியில் இருக்கிறது. ஒரு மாலை, ஒரே ஒரு மாலை, வாலாஜா பெரிய பள்ளிவாசலில் நோன்பு திறக்கப் போய்வாருங்கள்.

அங்கே வருவோருக்கு இஃப்தார் பரிமாறுவது சூஃபிதார் அறக்கட்டளை. பிரிவினையின்போது சிந்து மாகாணத்தைவிட்டு வந்த தாதா ரத்தன்சந்த் தொடங்கிய அமைப்பு அது. மயிலாப்பூரில் இயங்குகிறது. அவர்கள் இந்துக்கள். மயிலாப்பூரில் சமைத்து, வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, தலையில் தொப்பி அணிந்த தொண்டர்கள் வரிசை வரிசையாகப் பரிமாறுகிறார்கள். பல பத்தாண்டுகளாக இது நடக்கிறது. பள்ளி மேடையில் நல்லிணக்கம் பற்றிப் பேசுவதைப் பிள்ளைகள் நிறையக் கேட்டிருப்பார்கள். இங்கே யாரும் பேசுவதில்லை, கஞ்சிதான் வருகிறது.

பள்ளிவாசலின் கதையும் சொல்லத் தகுந்தது. ஆற்காடு நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் குடும்பத்தார் 1795-ல் எழுப்பிய கட்டடம் அது. கருங்கல்லால் ஆனது. மரமும் இரும்பும் சேர்க்காமல் கட்டினார்கள் என்பார்கள். கட்டி முடித்த ஆண்டைக் குறிக்கும் பாரசீகச் சொற்றொடரை இயற்றியவர் ராஜா மக்கன் லால் கிராத் என்ற இந்துக் கவிஞர். கல்லில் பொறிக்கப்பட்ட அந்தச் சொற்களில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. அரபு எழுத்து ஒவ்வொன்றுக்கும் அப்ஜத் முறையில் ஒரு எண் உண்டு. அலிஃபுக்கு 1, பாவுக்கு 2, காஃபுக்கு 20, ராவுக்கு 200 என்று. அந்தச் சொற்றொடரின் எழுத்துகளைக் கூட்டினால் 1209 வரும். ஹிஜ்ரி 1209 என்பது கி.பி. 1794–95. மக்தபில் ஓதுகிற பிள்ளையிடம் அப்ஜத் அட்டவணையைக் கொடுத்து, பள்ளிவாசலில் ஒருவரிடம் கேட்டு அந்தச் சொற்களைக் குறித்து வந்து கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுப்பாடமாக யாரும் இப்படி ஒன்றைக் கொடுக்க மாட்டார்கள்.

காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் 1972 ஏப்ரலில் மறைந்தபோது அடக்கம் செய்யப்பட்டதும் இந்த வளாகத்தில்தான். அரசியல் நிர்ணய சபையில் தமிழை ஆட்சிமொழியாக்கக் கோரிப் பேசிய மனிதர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி, ஒரு துஆ செய்துவிட்டு வாருங்கள்.

சிறு நடைமுறைச் செய்தி. இரவு தராவீஹ் வரை இருந்தால் சோழவரம் திரும்ப நள்ளிரவு ஆகிவிடும், ஸஹருக்கு எழ வேண்டும். மறுநாள் விடுமுறையாக உள்ள சனிக்கிழமை மாலையைத் தேர்ந்தெடுங்கள். நம் தெருவில் குடியிருக்கும் பீகார், வங்காளத் தொழிலாளர் குடும்பம் ஏதாவது இருந்தால் அவர்களையும் அழைத்துப் போகலாம். சிப்காட்டில் வேலை, வாடகை அறை, இரண்டுக்கும் நடுவே நோன்பைக் கழிப்பவர்கள் அவர்கள்.

2030-ல் புத்தகக் காட்சி முழுக்க நோன்பு நாட்களில் வந்தாலும் கைவிட வேண்டியதில்லை. 11 மணிக்குப் போய் ளுஹர் தொழுதுவிட்டு, மூன்று மணிக்குள் முடித்துக்கொண்டு, இஃப்தாருக்குத் திருவல்லிக்கேணி வந்துவிட்டால் இரண்டும் ஒரே நாளில் முடியும்.

மார்ச் முதல் ஜூலை வரை

இது பெரும்பாலும் காலியான காலம். மார்ச், ஏப்ரல் பொதுத் தேர்வு. மே மாதம் வெயில். வரும் இரண்டு ஆண்டுகளிலும் ஹஜ்ஜுப் பெருநாள் மே மாதத்தில் வருவதால் கோடை விடுமுறை சொந்த ஊர்ப் பயணத்துக்கே சரியாகிவிடும். ஊருக்குப் போகாதவர்கள் ஒரு பகல் முழுவதையும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் கழிக்கலாம். 2010-ல் திறந்தது. குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. குளிர்சாதன வசதி இருப்பதால் மே மாதத்துக்கு ஏற்ற இடம். கட்டணம் கிடையாது.

ஆகஸ்ட்: சென்னை தினம்

1639 ஆகஸ்ட் 22-ஐ இந்த நகரத்தின் பிறந்த நாளாகக் கொண்டாடும் வழக்கம் 2004-ல் தொடங்கியது. வரலாற்று எழுத்தாளர் எஸ். முத்தையா அதன் முன்னோடிகளில் ஒருவர். இப்போது ஏறத்தாழ ஆகஸ்ட் மாதம் முழுவதும் மரபு நடை, புகைப்படக் கண்காட்சி, சொற்பொழிவு என்று நடக்கின்றன. பலவும் இலவசம். அரசோ ஒரே அமைப்போ நடத்துவதல்ல என்பதால் ஒரே இடத்தில் முழுப் பட்டியல் கிடைக்காது. ஆகஸ்ட் முதல் வாரத்திலிருந்து செய்தித்தாள்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நடைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கின்றன என்பது ஒரு குறை.

அந்தக் குறையை நாமே தீர்த்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சேப்பாக்கத்திலிருந்து நடக்கத் தொடங்குங்கள். வாலாஜா சாலையிலிருந்து தெரியும் சேப்பாக்கம் மாளிகை நவாபின் அரண்மனையாக 1768-ல் கட்டப்பட்டது. நவாப் பதவியை ஆங்கிலேயர் 1855-ல் ஒழித்த பிறகு அது அரசாங்கத்தின் கைக்குப் போனது. 2012 ஜனவரியில் அதன் ஒரு பகுதி தீயில் எரிந்து, பின்னர் பழைய முறையிலேயே சீரமைக்கப்பட்டது. உள்ளே அரசு அலுவலகங்கள் என்பதால் வெளியிலிருந்துதான் பார்க்க வேண்டும். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் வாலாஜா பள்ளிவாசல். இன்னும் உள்ளே போனால் பாரதியார் வாழ்ந்த வீடு, அரசு நினைவில்லமாக இருக்கிறது. 1920-ல் பொட்டல்புதூரில் இஸ்லாத்தைப் பற்றிச் சொற்பொழிவாற்றியவர் அவர் என்பது நம் வீடுகளில் அதிகம் பேசப்படாத செய்தி. அண்ணா சாலைப் பக்கம் திரும்பினால் 1850-ல் தொடங்கிய முகமதியப் பொது நூலகம். இராயப்பேட்டையில் உள்ள அமீர் மஹால் ஆற்காடு இளவரசர் குடும்பம் இன்றும் வசிக்கும் வீடு. அனுமதியில்லாமல் உள்ளே போக முடியாது, வாசலோடு நின்றுவிடுங்கள்.

இந்த நடை மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகாது. நவாப்களைப் பற்றி மட்டும் சொல்லி முடித்துவிட்டால் பிள்ளைகள் முஸ்லிம் என்றால் அரண்மனை என்று நினைத்துக்கொள்வார்கள். திரும்பும் வழியில் மண்ணடியில் இறங்கி, அங்கப்ப நாயக்கன் தெருப் பக்கம் ஒரு சுற்று சுற்றுங்கள். கீழக்கரை, காயல்பட்டினம், தொண்டி என்று கடற்கரை ஊர்களிலிருந்து வந்து கடை போட்டவர்களின் தெருக்கள் அவை. நம்மில் பலருடைய பாட்டனார் முதன்முதலில் சென்னையில் கால் வைத்த இடமும் அதுவாக இருக்கலாம்.

ரயிலில் ஆர்வமுள்ள பையன் இருந்தால் இராயபுரம் ரயில் நிலையத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் அங்கிருந்துதான் ஆற்காட்டை நோக்கிக் கிளம்பியது.

2026-ல் மீலாது விடுமுறை ஆகஸ்ட் 26-ஐ ஒட்டி வருகிறது. 2027-ல் சுதந்திர தினத்தை ஒட்டி. ஆக இந்த இரண்டு ஆண்டுகளிலும் ஆகஸ்டில் விடுமுறைக்குப் பஞ்சமில்லை.

மழையும் மார்கழியும்

அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை எந்த வெளிப்புற நிகழ்ச்சிக்கும் முன்பணம் கட்டாதீர்கள். புழல் ஏரியையும் சோழவரம் ஏரியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பரும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் மறக்கக்கூடியவை அல்ல. மழைக்காலத்துக்கு ஏற்றது கூரைக்குக் கீழ் உள்ள இடங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851-லிருந்து இருக்கிறது. கோட்டை அருங்காட்சியகம் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கிறது. இரண்டுமே வெள்ளிக்கிழமை விடுமுறை. ஜும்ஆ நாளில் அங்கே போய் ஏமாற வேண்டாம், சனி ஞாயிறு போங்கள். நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம். அதையொட்டித் தொல்லியல் துறை சிறப்புக் கண்காட்சிகள் வைப்பது வழக்கம்.

டிசம்பர் நடுவில் இசைவிழா தொடங்கிவிடும். 1927-ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டின் விளைவாக உருவானது மியூசிக் அகாதமி. அதன் மிக உயர்ந்த விருதான சங்கீத கலாநிதியை 1998-ல் பெற்றவர் நாகஸ்வர மேதை ஷேக் சின்ன மௌலானா. இசை குறித்து நம் குடும்பங்களிலும் ஆலிம்களிடையேயும் கருத்து ஒன்றாக இல்லை. அதில் தீர்ப்புச் சொல்வது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. கேட்பவர்களுக்கு ஒரு தகவல், பல சபாக்களில் பகல் நேரக் கச்சேரிகளுக்குக் கட்டணம் கிடையாது. கேட்காதவர்கள் டிசம்பர் கடைசி விடுமுறையை அப்படியே புத்தகக் காட்சிக்கு ஒதுக்கிவிடலாம்.

போவதும் தொழுவதும்

சோழவரத்திலிருந்து நெடுஞ்சாலைப் பேருந்தில் செங்குன்றம் வழியாக நகருக்குள் போகலாம். சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை. உம்மா, மனைவி, மகள் என்று மூன்று பேர் இருக்கும் குடும்பத்துக்கு இது சிறிய தொகை இல்லை. வார நாள் காலையில் மாதவரத்தைத் தாண்டுவதற்குள் பொறுமை போய்விடும் என்பதால், மீஞ்சூர் அல்லது பொன்னேரி நிலையத்துக்குப் போய்ப் புறநகர் ரயில் ஏறுவது பல நேரம் மேல். மூர் மார்க்கெட் வளாகத்தில் இறங்கி, சென்ட்ரல் மெட்ரோவில் விமான நிலையம் நோக்கிய நீல வழித்தடத்தில் ஏறினால் அடுத்த நிறுத்தம் அரசினர் தோட்டம். திருவல்லிக்கேணிக்கு அங்கே இறங்க வேண்டும். ஆறாவது நிறுத்தம் நந்தனம். புத்தகக் காட்சிக்கு அங்கே. ரயில் மாற வேண்டியதே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பராமரிப்புப் பணிக்காக கும்மிடிப்பூண்டித் தடத்தில் ரயில்களைக் குறைப்பார்கள். முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

சென்னைக்குப் போவதைப் பயணமாகக் கருதித் தொழுகையைச் சுருக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். பெரும்பாலான ஆலிம்கள் சொல்லும் தூரம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். நம் ஊரிலிருந்து நந்தனம் அதில் பாதிகூட இல்லை. எனவே ஒவ்வொரு வக்தையும் முழுமையாக, அதனதன் நேரத்தில் தொழும்படிதான் நாளை அமைத்துக்கொள்ள வேண்டும். ஜனவரியில் அஸருக்கும் மக்ரிபுக்கும் நடுவே இடைவெளி குறைவு. அஸரை முடித்துவிட்டு ரயில் ஏறுவதா, மக்ரிபையும் முடித்துவிட்டு ஏறுவதா என்பதைக் காலையிலேயே தீர்மானித்துவிட்டால் வழியில் தவிக்க வேண்டியிருக்காது.

பெண்களுக்குத்தான் சிரமம். எல்லாப் பள்ளிவாசல்களிலும் அவர்களுக்குத் தொழுகை இடம் இல்லை. நகரத்துப் பள்ளிவாசல்கள் இதில் இன்னும் தாராளமாக நடந்துகொள்ளலாம் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். போகுமுன் அந்தப் பகுதியில் இருக்கும் உறவினரிடமோ நண்பர்களிடமோ எந்தப் பள்ளியில் இடம் இருக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு முஸல்லாவும் உளூவுக்கு ஒரு பாட்டில் தண்ணீரும் பையில் இருந்தால் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தின் மரத்தடிகளில் ஒன்றே போதும்.